அரசவை ஓவியங்களை வரலாற்றுச் சான்றாக எந்த அளவுக்கு ஏற்கலாம்?

கேள்வி: சித்திர ஆசிரியை, திருகோணமலை

அனைவருக்கும் வணக்கம். நான் உயர்தர வகுப்பு மாணவர்களுக்குச் சித்திரம் கற்பிக்கிறேன். இந்தத் தவணையில் முகலாய, இராஜஸ்தானி அரசவை ஓவியங்களை எடுத்துக்கொண்டோம். கோட்டின் நயம், வண்ணங்களின் அடுக்கு, பக்கவாட்டில் காட்டப்படும் முகம், மேலிருந்து பார்ப்பது போன்ற கட்டட அமைப்பு ஆகியவற்றை விளக்குவதில் எனக்குச் சிரமம் இருக்கவில்லை. ஆனால் வரலாற்றையும் ஒரு பாடமாக எடுத்திருக்கும் மாணவி ஒருத்தி கேட்ட கேள்விக்கு, வகுப்பில் சொன்ன பதிலைவிட ஆழமான பதிலைத் தர வேண்டும் என்று நினைக்கிறேன்.

பேரரசர் ஜஹாங்கீர் பாரசீக மன்னர் ஷா அப்பாஸைத் தழுவி நிற்கும் புகழ்பெற்ற ஓவியத்தைக் காட்டிக்கொண்டிருந்தேன். அந்த இருவரும் வாழ்நாளில் ஒருமுறைகூடச் சந்தித்ததில்லையே, அப்படியானால் இந்தப் படம் பொய்யல்லவா, அரண்மனையில் கூலி வாங்கிக்கொண்டு வரைந்தவர்கள் அரசனுக்குப் பிடித்ததைத்தானே வரைந்திருப்பார்கள் என்று அவள் கேட்டாள். வகுப்பில் பலர் அவள் பக்கம் சேர்ந்துகொண்டார்கள். எல்லாமே முகத்துதி என்ற முடிவுக்கு அவர்கள் வந்துவிட்டால், அதன்பின் எந்த ஓவியத்தையும் பொறுமையாக உற்றுப் பார்க்க மாட்டார்கள் என்பதே என் கவலை. மறுபுறம், படத்தில் இருப்பதெல்லாம் அப்படியே நடந்தது என்று சொல்வதும் சரியாகாது.

ஓர் அரசவை ஓவியத்தில் எதை நம்பலாம், எதை நம்பக்கூடாது என்று பிரித்தறிய மாணவர்களுக்குச் சொல்லிக்கொடுக்கக்கூடிய வழி இருக்கிறதா? வட இந்திய எடுத்துக்காட்டுகளோடு, அவர்களுக்குச் சற்று அண்மையில் உள்ள தென்னாட்டு எடுத்துக்காட்டுகளும் கிடைத்தால் பெரிதும் உதவும்.

மறுமொழி: வரலாற்று ஆசிரியர், கிண்ணியா

ஆசிரியை அவர்களுக்கு வணக்கம். மாணவி சொன்னது சரி. ஜஹாங்கீரும் ஷா அப்பாஸும் நேரில் சந்தித்ததேயில்லை. ஆனால் அந்த ஓவியம் அதை மறைக்கவும் இல்லை. ஏறத்தாழ 1618 இல் அபுல் ஹசன் வரைந்து, இப்போது வாஷிங்டனில் உள்ள ஃப்ரீயர் காட்சிக்கூடத்தில் இருக்கும் அந்தப் படத்தில், அது பேரரசர் கண்ட ஒரு கனவின் படம் என்று எழுதியே வைத்திருக்கிறார்கள். உலக உருண்டையின் மேல் ஒரு சிங்கமும் ஓர் ஆட்டுக்குட்டியும் படுத்திருக்கின்றன. சிங்கத்தின் மேல் ஜஹாங்கீர் நிற்கிறார், ஆட்டுக்குட்டியின் மேல் ஷா அப்பாஸ் நிற்கிறார். ஜஹாங்கீர் அகன்ற தோளும் பளபளக்கும் ஆடையுமாக இருக்க, பாரசீக மன்னர் மெலிந்து, சற்றுக் குனிந்து, அணைப்புக்குள் அடங்கியவர் போலக் காணப்படுகிறார். அன்றைக்கு இரு அரசுகளுக்கும் இடையே கந்தஹார் நகரம் தீராத வழக்காக இருந்தது. 1622 இல் ஷா அப்பாஸ் அதைக் கைப்பற்றியும் விட்டார். ஆகவே சந்திப்புக்கு அது சான்றில்லை. முகலாய அரசவை எதற்காக அஞ்சியது, எதை விரும்பியது என்பதற்கு அதைவிட நேரடியான சான்று வேறு கிடைப்பது அரிது.

இதே அப்பாஸ் மன்னரின் முகத்தை உள்ளபடி அறிந்துகொள்வதற்காக ஜஹாங்கீர் செய்த முயற்சியையும் மாணவர்களுக்குச் சொல்லுங்கள். 1613 இல் கான் ஆலம் தலைமையில் பாரசீகத்துக்குச் சென்ற தூதுக்குழுவோடு, உருவப்படம் வரைவதில் நிகரற்றவர் எனப் பெயர்பெற்ற பிஷன்தாஸ் என்ற ஓவியரையும் அனுப்பினார். பிஷன்தாஸ் திரும்பி வந்தபோது, ஷாவின் சாயலை மிக நன்றாகப் பிடித்திருக்கிறார் என்று மகிழ்ந்து அவருக்கு ஒரு யானையைப் பரிசளித்ததாகப் பேரரசரே தமது நினைவுக் குறிப்புகளில் எழுதியிருக்கிறார். முகம் மெய்யாக இருக்க வேண்டும் என்பதற்காக ஓவியரை மாதக்கணக்கான பயணத்துக்கு அனுப்பிய அதே அரசர்தான், நடக்காத அணைப்பை வரையவும் கட்டளையிட்டார். இந்த இரண்டும் அவருக்கு ஒன்றுக்கொன்று முரணாகத் தோன்றவில்லை. எனவே "இந்தப் படம் உண்மையா, பொய்யா" என்று முழுப் படத்தைப் பார்த்து ஒரே கேள்வியாகக் கேட்பதை விட்டுவிட்டு, படத்திலுள்ள ஒவ்வொன்றையும் தனித்தனியே விசாரிக்க மாணவர்களைப் பழக்குங்கள் என்பேன். முகத்துக்கு ஒரு விசாரணை, ஆடைக்கும் ஆயுதத்துக்கும் ஒரு விசாரணை, நிகழ்ச்சிக்கு ஒரு விசாரணை, யார் யாருக்கு மேலே நிற்கிறார்கள் என்பதற்கு வேறொரு விசாரணை.

நிகழ்ச்சி முற்றிலும் விருப்பத்தால் ஆனது என்பதற்கு இன்னும் கடுமையான எடுத்துக்காட்டு வேண்டுமானால், அதே அபுல் ஹசன் வரைந்து டப்ளின் நகரின் செஸ்டர் பீட்டி நூலகத்தில் உள்ள படத்தைக் காட்டலாம். தக்காணத்தில் முகலாயப் படைகளை ஆண்டுக்கணக்காக அலைக்கழித்த மாலிக் அம்பரின் வெட்டுண்ட தலை ஈட்டிமுனையில் இருக்கிறது, ஜஹாங்கீர் அதன்மீது அம்பு எய்கிறார். உண்மையில் மாலிக் அம்பர் பிடிபடவேயில்லை. 1626 இல் முதுமையில் இயற்கையாகவே இறந்தார். போர்க்களத்தில் கிடைக்காத வெற்றியைத் தாளில் எழுதிக்கொண்டார்கள்.

இதற்கு நேரெதிரே 1618 இல் வரைந்த இனாயத் கானின் படத்தை வையுங்கள். அபினுக்கும் மதுவுக்கும் அடிமையாகி, எலும்பும் தோலுமாக, மரணத்தின் விளிம்பில் இருந்த அந்த அலுவலரைப் பல்லக்கில் தம்முன் கொண்டுவரச் செய்த ஜஹாங்கீர், மனித உடல் இவ்வளவு சிதைய முடியுமா என்று வியந்து ஓவியர்களை அழைத்து அந்த நிலையிலேயே வரையச் சொன்னார். முகத்துதிக்கு அதில் ஓரிடமும் இல்லை. குழிவிழுந்த கண்ணும், தலையணைகளில் சாய்ந்து கிடக்கும் எலும்புக்கூடான மார்பும், எந்த அலங்காரமும் இல்லாத பின்புறச் சுவரும் மட்டுமே இருக்கின்றன. மன்சூர் என்ற ஓவியர் 1621 இல் வரைந்த வரிக்குதிரைப் படத்தையும் இதோடு சேர்க்கலாம். அந்த விலங்கைக் கண்டவர்கள் யாரோ சாயம் பூசியிருக்கிறார்கள் என்று ஐயப்பட்டதாகவும், சோதித்துப் பார்த்த பின்னரே அது இறைவனின் படைப்பு என்று தெளிந்ததாகவும் ஜஹாங்கீர் எழுதுகிறார். 1612 இல் கோவாவிலிருந்து வந்த வான்கோழியையும் அவர் சொற்களால் வருணித்ததோடு நிற்கவில்லை. கேட்பவர்களின் வியப்பு மிகட்டும் என்று ஓவியர்களைக் கொண்டு வரைவிக்கவும் செய்தார். ஓவியரின் கண்முன்னே பொருள் இருந்த இடங்களில், அந்த அரசவை உண்மையை மிகக் கண்டிப்பாகக் கேட்டது.

கூலிக்கு வரைந்தவர்கள் என்ற விமர்சனத்தையும் சற்று விரித்துப் பார்க்க வேண்டும். அக்பர் காலத்து ஓவியக்கூடத்தில் நூற்றுக்கு மேற்பட்டோர் தேர்ச்சி பெற்றிருந்தார்கள் என்றும், ஒவ்வொரு வாரமும் எல்லோருடைய வேலையும் பேரரசர் முன் வைக்கப்பட்டு, தரத்துக்கேற்பப் பரிசோ மாத ஊதிய உயர்வோ வழங்கப்பட்டது என்றும் அக்பரின் அரசவை வரலாற்றாசிரியர் அபுல் ஃபஸல் குறிப்பிடுகிறார். ஒருவர் அமைப்பையும் வெளிக்கோட்டையும் போடுவார், இன்னொருவர் வண்ணம் தீட்டுவார், முகம் எழுதுவதற்கென்றே சில வேளைகளில் மூன்றாமவர் ஒருவர் வருவார். இலண்டன் விக்டோரியா ஆல்பர்ட் அருங்காட்சியகத்திலுள்ள அக்பர் வரலாற்று நூலில், மதங்கொண்ட ஹவாய் என்ற யானையின்மேல் அக்பர் அமர்ந்து, படகுகளால் ஆன பாலம் நொறுங்க யமுனையைக் கடக்கும் காட்சி இரண்டு ஏடுகளில் விரிகிறது. அதை அமைத்தவர் பசாவன். வண்ணம் தீட்டியவர் வேறொருவர். நிகழ்ச்சி நடந்தது 1561 இல், ஓவியம் வந்தது ஏறத்தாழ 1590 இல். முப்பது ஆண்டு இடைவெளியில் வரைந்த இந்தப் படம், இளம் அக்பரின் துணிச்சலைப் பற்றி முதிய அக்பரின் அரசவை என்ன நினைத்தது என்பதைத்தான் முதலில் சொல்கிறது. ஆனால் படகுகளைக் கயிற்றால் பிணைத்திருக்கும் முறை, யானையின் அணிகள், தண்ணீரில் தத்தளிக்கும் வேலையாட்களின் உடை ஆகியவை ஓவியர்கள் அன்றாடம் கண்டவை. அரசனைப் பற்றிய செய்தியைவிட, அரசனைச் சுற்றியுள்ள சிறு பொருள்களைப் பற்றிய செய்தியை நான் அதிகம் நம்புவேன்.

மறுமொழி: ஓய்வுபெற்ற நூலகர், உவர்மலை

கிண்ணியா ஆசிரியர் சொன்ன முறையை நானும் ஏற்கிறேன். ஆயினும், முகலாய ஓவியத்தை மட்டும் வைத்து இந்தியாவின் எல்லா அரசவைகளையும் அளந்துவிடக்கூடாது.

தென்னாட்டு எடுத்துக்காட்டு கேட்டிருந்தீர்கள். நமக்கு நேரெதிர்க் கரையிலேயே ஒன்று இருக்கிறது. இராமநாதபுரம் அரண்மனையில் கிழவன் சேதுபதி கட்டிய இராமலிங்க விலாசம் என்ற மண்டபத்தின் சுவர்களிலும் விதானத்திலும், முத்து விஜயரகுநாத சேதுபதியின் காலத்தில், அதாவது 1710 க்கும் 1725 க்கும் இடைப்பட்ட ஆண்டுகளில், வரையப்பட்ட ஓவியங்கள் இன்றும் இருக்கின்றன. தாளில் வரைந்து ஏட்டுக்குள் வைத்து அரசர் ஒருவர் மட்டும் கையில் எடுத்துப் பார்க்கும் படமல்ல இது. மண்டபத்துக்குள் வந்து காத்து நிற்போர் அனைவரும் நிமிர்ந்து பார்க்கும் சுவர். ஒரு பக்கத்தில் இராமாயணக் கதையும் கண்ணன் கதையும் நிரைநிரையாக ஓடுகின்றன. வேறிடங்களில் தஞ்சை மராத்தியரோடு நடந்த போர், ஐரோப்பியர் சேதுபதியின் முன் வந்து நிற்கும் காட்சி, அரசரின் அந்தப்புர வாழ்வு ஆகியவை வருகின்றன. இவை எல்லாவற்றுக்கும் மேலாக, குலதெய்வமான இராஜராஜேஸ்வரி அம்மன் தன் கையால் சேதுபதிக்குச் செங்கோல் வழங்குகிறாள்.

மாணவியின் அளவுகோலை இங்கே வைத்தால் திண்டாட வேண்டிவரும். அம்மன் செங்கோல் கொடுத்ததை நடந்த நிகழ்ச்சி என்று வரலாற்றுப் பாடத்தில் எழுத முடியாது. ஆனால் சேதுபதிக்கும் அவர் குடிகளுக்கும் அது தஞ்சைப் போரைவிட உறுதியான உண்மையாக இருந்தது. மதுரை நாயக்கருக்குக் கட்டுப்பட்டவர்களாக இருந்து, இராமேசுவரத்துச் சேதுவின் காவலர் என்ற தகுதியால் உயர்ந்த ஒரு குடும்பம், தன் அதிகாரம் மனிதரிடமிருந்து வந்ததல்ல, தெய்வத்திடமிருந்து வந்தது என்று சொல்வதற்கு எடுத்துக்கொண்ட இடம் அந்தச் சுவர். புராணமும் போரும் தூதும் ஒரே வண்ணத்தில், ஒரே அளவில், பக்கம் பக்கமாக வரையப்பட்டிருப்பதில்தான் அதன் வாதமே அடங்கியிருக்கிறது. கோணேசர் கோயிலில் வளர்ந்த நம் பிள்ளைகளுக்கு இதை விளங்கிக்கொள்வது கடினமாக இராது என்று நம்புகிறேன். கோயிலையும் குளத்தையும் தந்த மன்னனின் வரலாறும் தெய்வத்தின் வரலாறும் பிரிக்க முடியாதபடி பின்னிக்கிடக்கும் கல்வெட்டும் கோணேசர் கல்வெட்டுப் பாடல்களும் அவர்கள் கேட்டறிந்தவைதாமே.

அடுத்து, இராஜஸ்தானத்தில் உதயப்பூரைத் தலைநகராகக் கொண்ட மேவார் அரசு. உதயப்பூர் மகாராணாக்களின் ஓவியர்கள் பதினெட்டாம் நூற்றாண்டில் அரசரின் வேட்டை, விழா, படகு உலா, தூதுவர் வருகை ஆகியவற்றைப் பெரிய தாள்களில் வரைந்தார்கள். ஒரே படத்தில் அரசர் பல இடங்களில் காணப்படுவார்: கோட்டைவாசலில் குதிரை ஏறுவார், நடுவில் காட்டைக் கடப்பார், மறுமுனையில் புலியைச் சுடுவார். ஒரு கணத்தை நிறுத்திக் காட்டுவது அவர்கள் நோக்கமல்ல. ஒரு நாளின் முழுப் போக்கையும் தாளில் விரிப்பதே நோக்கம். 1711 இல் யோஹான் கெட்டலார் தலைமையில் முகலாயப் பேரரசரைக் காணச் சென்ற ஒல்லாந்தத் தூதுக்குழு வழியில் உதயப்பூரில் தங்கியபோது, இரண்டாம் சங்கிராம சிங் அவர்களை வரவேற்றதும் படமாகியிருக்கிறது. அன்றைக்குத் திருகோணமலைக் கோட்டையில் இருந்ததும் அதே ஒல்லாந்தக் கம்பனிதான் என்பதை மாணவர்களுக்குச் சொன்னால், அந்தப் படத்தை அவர்கள் வேறு கண்ணோடு பார்ப்பார்கள். தொப்பியும் நீண்ட சுருள்முடியும் இறுகிய மேலங்கியுமாக வந்த அந்நியர்களை, இதற்குமுன் அப்படியொரு உடையைப் பார்த்திராத மேவார் ஓவியர்கள் எவ்வளவு கூர்ந்து கவனித்திருக்கிறார்கள் என்பது அதில் தெரியும்.

படம் எத்தனை கைகளைக் கடந்து நம்மிடம் வந்திருக்கிறது என்பதையும் மறக்கக்கூடாது. ஸ்ரீரங்கப்பட்டணத்தில் 1784 இல் திப்பு சுல்தான் அமைத்த தரியா தௌலத் மாளிகையின் மேற்குச் சுவரில், 1780 செப்டெம்பர் 10 அன்று பொள்ளிலூரில் ஆங்கிலப் படையை ஹைதர் அலியும் திப்புவும் முறியடித்த போர் பிரமாண்டமாக வரையப்பட்டிருக்கிறது. நடுவில் ஆங்கிலச் சிப்பாய்களின் சதுர அணியும் அதற்குள் பல்லக்கில் காயமுற்றுக் கிடக்கும் கேணல் பெய்லியும், சுற்றிலும் அலைபோல வரும் மைசூர்க் குதிரைப்படையும் இருக்கின்றன. திப்புவின் வெற்றியைக் கொண்டாடும் அந்தச் சுவர் பின்னர் வெள்ளையடிக்கப்பட்டு, பிரித்தானியர் காலத்தில், அதாவது திப்புவை வென்றவர்களின் ஆட்சியிலேயே, மறுபடியும் தீட்டப்பட்டது. முதலில் ஆர்தர் வெல்லெஸ்லி அங்கு தங்கியிருந்தபோதும், பின்னர் டல்ஹௌசி பிரபுவின் கட்டளையாலும் அந்த வேலை நடந்தது. அமைப்பு 1784 க்குரியது என்று ஏற்கலாம். ஆனால் இந்தக் கோடு அல்லது இந்த முகம் திப்புவின் ஓவியர் போட்டதுதான் என்று விரல் வைத்துச் சொல்லும் உரிமை நமக்கு இல்லை.

சித்திர ஆசிரியை, திருகோணமலை

இருவருக்கும் மனமார்ந்த நன்றி. இராமலிங்க விலாசத்தைப் பாடத்தில் கொண்டுவரும் எண்ணம் எனக்கு இதுவரை தோன்றியிருக்கவில்லை. அடுத்த வாரமே எடுத்துக்கொள்ளப் போகிறேன்.

இன்னொன்றும் கேட்க விரும்புகிறேன். முகத்தை ஓரளவு நம்பலாம் என்று கிண்ணியா ஆசிரியர் சொல்கிறார். ஆனால் ஷாஜஹானின் அரசவைப் படங்களில் நிற்கும் பிரபுக்கள் எல்லோரும் பக்கவாட்டு முகத்தோடு, அசைவில்லாமல், ஒரே அச்சில் வார்த்தவர்கள் போலத் தெரிகிறார்கள் என்று மாணவர்கள் சொல்கிறார்கள். அந்த முகங்கள் எப்படிக் கிடைத்தன? பெண்களின் முகங்களையும் இதே அளவுக்கு நம்பலாமா?

மறுமொழி: ஓவியர், தம்பலகாமம்

ஆசிரியை அவர்களுக்கு, தூரிகை பிடிக்கிறவன் என்ற முறையில் இதற்குப் பதில் சொல்ல முயல்கிறேன்.

பக்கவாட்டு முகத்தில் நெற்றி, மூக்கு, உதடு, தாடை ஆகிய அனைத்தும் ஒரே தொடர்கோட்டில் வந்துவிடுகின்றன. நிழல் இட்டுக் கனத்தைக் காட்டாமலே ஒருவருடைய சாயலை உறுதியாகப் பிடிப்பதற்கு அதைவிட நம்பகமான கோணம் இல்லை. ஒருமுறை ஒழுங்காகப் பிடித்துவிட்ட அந்தக் கோட்டை மறுபடியும் பயன்படுத்தவும் முடியும். மெல்லியதாகச் சீவி ஒளி ஊடுருவும்படி பதப்படுத்திய மான்தோலில் அதைப் படியெடுத்து, கோட்டின் மேல் ஊசியால் நெருக்கமாகத் துளையிட்டு, புதிய தாளின்மேல் வைத்துக் கரித்தூளைத் தட்டினால் அதே முகம் அங்கே இறங்கும். நாட்டின் தொலைதூரத்தில் போர்ப்பணியில் இருக்கும் தளபதியையும் தலைநகர் தர்பாரில் நிறுத்த இது போதும். உங்கள் மாணவர்கள் கண்டுகொண்ட அசைவின்மைக்குக் காரணம் இதுவே: அந்தப் பிரபுக்கள் ஒரே கூடத்தில் ஒருசேர நின்று வரையப்பட்டவர்கள் அல்லர். வெவ்வேறு நாளில் வெவ்வேறு கையால் எழுதி வைத்த முகங்களை, பதவி வரிசைப்படி அடுக்கியிருக்கிறார்கள்.

ஆனால் அவர்கள் ஒரே அச்சு என்று முடிவு கட்டிவிட வேண்டாம். விண்ட்சர் அரண்மனையில் உள்ள, ஷாஜஹானின் ஆட்சி வரலாறான பாத்ஷாநாமா ஏட்டின் படங்களைப் பெரிதாக்கிப் பார்க்கச் சொல்லுங்கள். அவத் நவாப் 1799 இல் இங்கிலாந்து மன்னருக்கு அனுப்பிய ஏடு அது, அதில் 44 ஓவியங்கள் இருக்கின்றன. ஒருவருக்கு வளைந்த மூக்கு, இன்னொருவருக்கு இரட்டைத் தாடை, வேறொருவருக்கு வெயிலில் கறுத்த கன்னம் என்று ஒவ்வொருவரும் தனி மனிதராக இருக்கிறார்கள். உடல்தான் ஒரே மாதிரி, ஏனெனில் அரசர் முன் உடலை எப்படி வைத்துக்கொள்வது என்பது சட்டமாக இருந்தது. பேரரசரின் முகத்தைச் சுற்றி ஒளிவட்டம் இருக்கிறது. ஐரோப்பியப் பாதிரிமார் கொண்டுவந்த புனிதர் படங்களிலிருந்து எடுத்துக்கொண்ட வழக்கம் அது. அந்த வட்டத்துக்குள்ளேயும் ஷாஜஹானின் தாடி ஆண்டுக்கு ஆண்டு நரைத்துக்கொண்டு போவதை ஓவியர்கள் மறைக்கவில்லை.

சாயலும் மெய்யாக இருந்து, சூழலும் மெய்யாக இருக்கும் அரசவை ஓவியம் வேண்டுமானால், வட இந்தியாவின் இமயமலை அடிவாரத்து மலைநாட்டுக்குப் போக வேண்டும். குலேர் என்ற சிறிய அரசைச் சேர்ந்த பண்டிட் சேவுவின் மகன் நைன்சுக், ஜஸ்ரோட்டாவின் பல்வந்த் சிங்கோடு ஏறத்தாழ இருபது ஆண்டுகள் வாழ்ந்தார். பல்வந்த் சிங் பெரிய மன்னர் அல்லர். அவருக்குப் பேரரசுக் கனவுகளும் இல்லை. அதனால்தானோ என்னவோ, அரசர் தாடி திருத்திக்கொள்வதையும், கூடாரத்துக்குள் தனியே அமர்ந்து கடிதம் எழுதுவதையும், குளிருக்குக் கனத்த போர்வையை இழுத்துப் போர்த்திக்கொண்டு இருப்பதையும் வரைய நைன்சுக்குக்கு இடம் கிடைத்தது. அரசர் ஓர் ஓவியத்தைக் கையில் ஏந்தி ஆராயும்போது, பின்னால் ஓவியர் சற்றுக் குனிந்து தீர்ப்புக்காகக் காத்திருக்கும் படமும் உண்டு. அரசவை ஓவியர் ஒருவரின் வாழ்நிலையை அதைவிட நெருக்கமாகக் காட்டும் படம் என் அறிவுக்கு எட்டியவரை வேறில்லை. 1763 இல் பல்வந்த் சிங் இறந்தபோது, அஸ்தியை ஹரித்துவாருக்குக் கொண்டு சென்றவர்களில் நைன்சுக்கும் ஒருவர். அங்குள்ள பண்டாக்கள் என்ற புரோகிதர்கள் வழிவழியாகப் பேணும் யாத்திரிகர் பதிவேட்டில் அவர் தம் கையாலேயே எழுதி, சிறு சித்திரமும் வரைந்து வைத்தார். கலை வரலாற்றாளர் பி. என். கோஸ்வாமி இத்தகைய பதிவேடுகளைத் தேடிப் படித்துத்தான், அதுவரை ஊர்ப்பெயரால் மட்டும் அறியப்பட்ட மலைநாட்டு ஓவியங்களுக்குப் பின்னால் இருந்த குடும்பத்தை உலகுக்குக் காட்டினார். பெயர் தெரியாத கூலிக்காரர்கள் என்று நினைக்கும் மாணவர்களுக்கு, இந்தத் தந்தையையும் மாணக்கு, நைன்சுக் என்ற இரு மகன்களையும் கட்டாயம் அறிமுகப்படுத்த வேண்டும்.

மறுமொழி: வரலாற்று ஆசிரியர், கிண்ணியா

பெண்களின் முகத்தைப் பற்றி ஆசிரியை கேட்டதற்கு நான் பதில் சொல்கிறேன். அந்தப்புரத்துக்குள் ஆண் ஓவியர்கள் நுழைய முடியாது. ஆகவே அரசியர், இளவரசியர் என்று பெயரிடப்பட்ட படங்களில் பெரும்பாலானவை அழகுக்கென்று வகுத்த ஒரே இலக்கணத்தில் அமைந்தவை. இராஜஸ்தானத்தின் கிஷன்கர் அரசவையில் நிஹால் சந்த் வரைந்த இராதையின் நீண்ட கண்ணும் கூரிய மூக்கும், அரசர் சாவந்த் சிங் நேசித்த பாடகி பனி தனியின் சாயல் என்று வழிவழியாகச் சொல்லப்படுகிறது. ஆனால் அது உருவப்படம் என்ற நிலையைக் கடந்து ஓர் இலட்சிய வடிவமாகிவிட்டது. இந்திய அஞ்சல்துறை 1973 இல் வெளியிட்ட தபால்தலையிலும் அதைக் காணலாம். பெண் ஓவியர்களும் இருந்தார்கள். ஜஹாங்கீர் காலத்து நாதிரா பானு, சஹீஃபா பானு ஆகியோர் கையொப்பமிட்ட வேலைகள் எஞ்சியிருக்கின்றன.

ஜஹாங்கீரின் அரசி நூர்ஜஹானை அபுல் ஹசன் வரைந்த படம் ஒன்று ராம்பூர் ரஸா நூலகத்தில் இருக்கிறது. அதில் அவர் தலைப்பாகை அணிந்து, நீண்ட துப்பாக்கியில் மருந்தைக் கிட்டித்துக்கொண்டு நிற்கிறார். முகச்சாயல் எந்த அளவுக்கு அவருடையது என்ற வாதத்தைவிட எனக்கு முக்கியமாகப் படுவது, அவரை நகையணிந்த பதுமையாகக் காட்டாமல், வேட்டைக்காரராகக் காட்ட அந்த அரசவை சம்மதித்தது என்பதுதான். அவர் புலிகளைச் சுட்டு வீழ்த்திய செய்தியை ஜஹாங்கீர் தாமே பெருமையோடு எழுதியிருப்பதால், அந்தத் துப்பாக்கிக்கு எழுத்திலும் சாட்சி உண்டு. படத்தையும் ஏட்டையும் இப்படி ஒன்றுக்கொன்று எதிரே நிறுத்தி விசாரிக்கும் வாய்ப்பு வேறு பல இடங்களில் நமக்குக் கிடைப்பதில்லை.

சித்திர ஆசிரியை, திருகோணமலை

மிக்க நன்றி. இவற்றுள் ஒரே பாடவேளைக்கு ஒரு படத்தை மட்டும் எடுத்துக்கொள்வதானால் எதிலிருந்து தொடங்கலாம்?

மறுமொழி: ஓவியர், தம்பலகாமம்

இனாயத் கானிலிருந்து தொடங்குங்கள். அதற்கு ஒரு வசதி இருக்கிறது. ஒரே மனிதருக்கு ஒரே நிலையில் இரண்டு படங்கள் எஞ்சியிருக்கின்றன: பொஸ்டன் நுண்கலை அருங்காட்சியகத்தில் கோட்டுச் சித்திரம், ஒக்ஸ்போர்டின் பொட்லியன் நூலகத்தில் வண்ணப்படம். இரண்டும் இணையத்தில் தெளிவாகக் கிடைக்கின்றன. பக்கத்தில் பக்கத்தில் வைத்து, கோட்டுச் சித்திரத்தில் இருந்து வண்ணப்படத்தில் மென்மையானது எது, புதிதாகச் சேர்ந்தது எது என்று மாணவர்களையே குறித்துக்கொள்ளச் சொல்லுங்கள். விலா எலும்பிலும் கண்ணிலும் வாயின் ஓரத்திலும் அவர்கள் நேரம் செலவிடட்டும். தலையணைகளின் துணி எந்தப் படத்தில் எவ்வளவு கவனம் பெற்றிருக்கிறது என்பதையும் பார்க்கட்டும். அதன் பிறகு ஷா அப்பாஸ் அணைப்பைத் திரும்ப எடுத்தால், உங்கள் மாணவி தன் கேள்வியைத் தானே பிரித்துக் கேட்கத் தொடங்கிவிடுவாள்.